ஆறைங்காதம்

தமிழ் நாவலில் தம்பதிகள் குடிபெயர்கிறார்கள். ஆனால் பயணம் செய்வதில்லை. ஒரு அத்தியாயத்தின் கடைசி வரியில் சாமான் கட்டுகிறார்கள். அடுத்த அத்தியாயத்தின் முதல் வரியில் புது வீட்டில் பால் காய்ச்சுகிறார்கள். நடுவில் கிடக்கும் நூறு மைலோ அறுநூறு மைலோ மூன்று நட்சத்திரக் குறிகளாகச் சுருங்கிவிடுகிறது. இதை உருவச் சிக்கனம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. ஒரு இலக்கியம் எந்த இடத்தில் தொடர்ந்து மௌனம் சாதிக்கிறதோ அந்த இடத்தில் அதன் பயமும் இருக்கிறது. வீட்டுக்கு வெளியே, இரண்டு வீடுகளுக்கு நடுவே, மாமியாரும் மாமனாரும் பக்கத்து வீட்டுக்காரியும் இல்லாத இடத்தில், ஒரு ஆணும் பெண்ணும் என்ன செய்வார்கள், என்ன பேசிக்கொள்வார்கள் என்பது நம் நாவலாசிரியனுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவன் விரும்பியதாகவும் தெரியவில்லை.

நான் வேலை பார்ப்பது வங்கியில். அங்கே சஸ்பென்ஸ் கணக்கு என்று ஒன்று உண்டு. இன்ன தலைப்பில் சேர்ப்பது என்று தீராத தொகையைத் தற்காலிகமாக அதில் போட்டு வைப்போம். அதை அதிக நாள் வைத்திருக்கக் கூடாது. எந்த மேலதிகாரிக்கும் அதைக் கண்டால் பிடிக்காது. தமிழ் நாவல் வழியை இப்படித்தான் நடத்துகிறது. புறப்பட்ட வீட்டிலும் சேராத, போகும் வீட்டிலும் சேராத அந்தப் பொழுதைச் சீக்கிரம் தீர்த்துவிட அவசரப்படுகிறது.

மரபின்மேல் இந்தக் குற்றத்தைச் சுமத்த முடியாது. அகத்திணையில் உடன்போக்கு என்று ஒரு துறையே இருக்கிறது. பிறந்த வீட்டை விட்டு, பாலை நிலத்தைக் கடந்து, தாங்களாக அமைத்துக்கொள்ளப்போகும் வாழ்க்கையை நோக்கி இருவர் நடக்கிறார்கள். ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் பாடிய பாலைப் பகுதியில் இடைச்சுரத்தில் நிகழும் பேச்சுக்கென்றே ஒரு பத்து ஒதுக்கப்பட்டிருக்கிறது. தலைவன் தலைவியைத் தேற்றி மெல்ல நடத்திப்போகும் பாட்டுகள் நற்றிணையிலும் உண்டு. ஆனால் தொகுத்துப் பார்க்கும்போது ஒன்று தெரிகிறது. அந்த இருவரை நாம் பெரும்பாலும் பிறர் கண் வழியாகவே பார்க்கிறோம். செவிலி தேடிப் போகிறாள். எதிரே வருபவர்களை விசாரிக்கிறாள். கண்டோர் அவர்களைக் கண்டதாகச் சொல்கிறார்கள், இரங்குகிறார்கள். தலைவி வாய் திறந்தாலும், வழியில் எதிர்ப்படும் அந்தணரிடம் ஊருக்குச் சேதி சொல்லியனுப்பத் திறக்கிறாள். வீடு அவர்களைப் பின்தொடர்ந்து வந்துகொண்டே இருக்கிறது. வழி அங்கே ஒரு நிலை. அது இன்னும் அனுபவமாகவில்லை.

அதை அனுபவமாக்கியவர் இளங்கோ. சிலப்பதிகாரத்தின் முப்பது காதைகளில் நாடுகாண் காதை, காடுகாண் காதை, வேட்டுவவரி, புறஞ்சேரி இறுத்த காதை என்று நான்கு, புகாருக்கும் மதுரைக்கும் இடைப்பட்ட வழியில் நடக்கின்றன. இன்றைய சாலைக் கணக்கில் சுமார் 300 கி.மீ. காரில் அரை நாள் கூட ஆகாது. கதைக்கு இந்தத் தூரம் தேவையே இல்லை என்று வாதிக்கலாம். சிலம்பு புகாரில் இருக்கிறது, மதுரையில் விற்கப்படுகிறது, நடுவில் அது மூட்டைக்குள் இருக்கிறது. சம்பவத்தை மட்டும் நம்புகிற எழுத்தாளன் கோவலனை விடியுமுன் புகாரிலிருந்து கிளப்பி, அடுத்த வரியில் மதுரைக் கடைத்தெருவில் நிறுத்தியிருப்பான். இளங்கோ அப்படிச் செய்யவில்லை. ஏன் செய்யவில்லை என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி. பத்தினியின் புகழ், ஊழ்வினை, மூவேந்தர் என்று காவியத்தை மேலிருந்து பார்க்கும் மேடைப் பேச்சுக்காரர்கள் இதைக் கேட்டதில்லை. பூம்புகார் திரைப்படம் (1964) கே. பி. சுந்தராம்பாளைக் கவுந்தியாக்கியது, ஆனால் சினிமாவும் நினைவில் நிறுத்தியது அவர் குரலைத்தான், வழியை அல்ல.

காவியத்திலிருந்து சில விவரங்களை வரிசைப்படுத்துகிறேன். அந்திமாலைக் காதையில், கோவலன் மாதவியிடம் போன பின் கண்ணகியின் நிலையைச் சொல்லும்போது, அவள் சிரிப்பைக் கோவலன் இழந்ததாக இளங்கோ சொல்கிறார். அவள் சிரிப்பை அவன் இழந்தான் என்று, இழப்பை அவன் பக்கம் எழுதுகிறார். அதன்பின் அந்தச் சிரிப்பு எப்போது திரும்புகிறது? பொருளையெல்லாம் தொலைத்தேன் என்று அவன் வந்து நிற்கும்போது, சிலம்பு இருக்கிறது என்று சொல்லும் முகத்தில். அதாவது புறப்பாடு தீர்மானமாகும் கணத்தில். அடுத்து, வழியில் ஒரு காதம் நடந்து, இடுப்பும் காலும் சோர்ந்து, மதுரை எது என்று கேட்கும்போது பல் தெரிகிறது. அதற்கடுத்து, வேட்டுவர் கோட்டத்தில் சாலினி தெய்வமேறி அவளைப் புகழும்போது, கிழவி ஏதோ பிதற்றுகிறாள் என்று நாணி, கணவன் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கும் இடத்தில் ஒரு புது முறுவல். வீட்டில் இழந்த சிரிப்பு வழியில் கிடைக்கிறது. இது தற்செயலாக அமைந்தது என்று யாராவது சொன்னால் அவர் காவியத்தை வாசித்தவரல்ல, பாராயணம் செய்தவர்.

மதுரை எது என்ற அந்தக் கேள்விக்குக் கோவலன் தரும் பதிலைக் கவனிக்க வேண்டும். ஆறைங்காதம் என்கிறான், பக்கந்தான் என்கிறான், சொல்லிவிட்டுச் சிரிக்கிறான். ஆறைங்காதம் என்றால் முப்பது காதம். ஆனால் சொல் ஒலிக்கும் விதத்தில் ஆறோ ஐந்தோ காதம் என்று கேட்பவள் எடுத்துக்கொள்ளவும் இடம் இருக்கிறது. பொய் சொல்லவில்லை, உண்மையையும் முழுக்கச் சொல்லவில்லை. தூரம் தெரியாத பெண்ணிடம் தூரம் தெரிந்த ஆண் பேசும் பேச்சு இது. அந்தச் சிரிப்பில் பரிவு இருக்கிறது, வெட்கம் இருக்கிறது, தன்னால் இவள் நடக்கிறாள் என்ற குற்ற உணர்வு இருக்கிறது. ஒரே சமாசத்தில் ஒரு தாம்பத்தியம் முழுவதையும் வைத்துவிட முடிகிறது என்றால், அதற்குக் காரணம் அந்தச் சொல் வழியில் சொல்லப்படுகிறது என்பது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொல்லியிருந்தால் அது வெறும் பூகோளத் தகவல்.

இன்னொரு இடம். காட்டில் தண்ணீருக்காகக் கோவலன் ஒதுங்கிப் போகிறான். கானுறை தெய்வம் வசந்தமாலை உருவில் வந்து, மாதவியின் துயரம் சொல்லி அவனை மயக்கப் பார்க்கிறது. மந்திரத்தால் தப்புகிறான். பிறகு தாமரை இலையில் தண்ணீர் எடுத்துவந்து களைத்துக் கிடந்தவளின் தாகம் தீர்க்கிறான். உரைகாரர்களும் சொற்பொழிவாளர்களும் தெய்வத்தோடும் மந்திரத்தோடும் நின்றுவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அந்த இலை. புகாரின் பெருவணிகன் மகன், ஏவலர் சூழ வாழ்ந்தவன், மனைவிக்காக இலையில் தண்ணீர் ஏந்தி, சிந்தாமல் நடந்து வருகிறான். புகாரில் இதற்கு வாய்ப்பே இல்லை. மதுரையிலும் இல்லை. மதுரைப் புறத்தில் மாதரி கொடுத்த சிறு வீட்டில் இலை மறுபடி வருகிறது; இம்முறை வாழையிலை. கண்ணகி விரல் சிவக்கக் காய் அரிந்து, கண் சிவக்கச் சமைத்து, தரையில் நீர் தெளித்து, இலை போட்டு அவனுக்குப் பரிமாறுகிறாள். வழியில் அவன் ஏந்திய இலை, வீட்டில் அவள் விரித்த இலை. வீடு என்றதும் பழைய பங்குகள் திரும்பிவிட்டன. இந்த இரண்டு இலைகளுக்கும் இடையிலுள்ள தூரம்தான் இளங்கோ எழுதிய தூரம்.

கவுந்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். உடன்போக்கில் இருவர், இங்கே மூவர். இருவரை மட்டும் நடத்திப்போனால் வருணனை செய்யலாம், உரசல் வராது என்பது இளங்கோவுக்குத் தெரிந்திருக்கிறது. வழிப்போக்கர் இருவர், இவர்கள் யார் என்று கேட்கிறார்கள். என் மக்கள் என்கிறாள் கவுந்தி. ஒரு வயிற்றுப் பிள்ளைகள் கணவன் மனைவியாவது எந்தச் சாத்திரம் என்று அவர்கள் கேலி செய்ய, கவுந்தி அவர்களை நரியாகச் சபிக்கிறாள். வீட்டுக்கு வெளியே வந்த தம்பதியை ஊர் எந்தக் கண்ணால் பார்க்கும் என்பதற்கு இதைவிடக் கூர்மையான காட்சி நம் மொழியில் இல்லை. வீடு ஒரு தம்பதிக்குக் கொடுப்பது கூரை மட்டுமல்ல, விளக்கம் சொல்லத் தேவையில்லாத உரிமையும். வழியில் அந்த உரிமை கிடையாது. ஒவ்வொருவரிடமும், நாங்கள் இன்னார் என்று புதிதாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லும்போது தங்களுக்கே அது புதிதாகிறது.

நான் பட்டப்படிப்பில் மில்டன் படித்தவன். 1667இல் வெளியான பாரடைஸ் லாஸ்ட், ஆதாமும் ஏவாளும் கைகோத்துத் தோட்டத்தை விட்டு வெளியேறும் இடத்தில் முடிகிறது. குடிபெயர்ந்த முதல் தம்பதி அவர்கள்தான். உலகமே முன்னால் விரிந்து கிடக்கிறது, காவியம் நின்றுவிடுகிறது. வகுப்பில் இதன் கம்பீரத்தைப் பற்றி நிறையச் சொன்னார்கள். இளங்கோ எங்கே தொடங்குகிறாரோ அங்கே மில்டன் முடித்துக்கொண்டார் என்று யாரும் சொல்லவில்லை. தோட்டத்து வாசலைத் தாண்டிய பின் ஏவாளுக்குக் கால் வலித்ததா, இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டாளா, ஆதாம் என்ன பதில் சொன்னான் என்பது நமக்குத் தெரியாது. தமிழில் தெரியும்.

இத்தனை இருந்தும் நவீன நாவலில் ஏன் இல்லை? எனக்குப் பழக்கமான நாஞ்சில் நாட்டையும் அதைச் சுற்றியுள்ள குமரி மாவட்டத்தையும் எடுத்துக்கொள்கிறேன். பரப்பளவுக்கு இத்தனை நாவலாசிரியர்களைக் கொடுத்த மாவட்டம் தமிழ்நாட்டில் வேறு இருக்கிறதா என்பது சந்தேகம். அந்த நாவல்களின் பெயர்களைப் பாருங்கள். ஹெப்சிபா ஜேசுதாசனின் புத்தம் வீடு (1964). சுந்தர ராமசாமியின் ஒரு புளியமரத்தின் கதை (1966). நீல பத்மநாபனின் தலைமுறைகள் (1968). தோப்பில் முஹம்மது மீரானின் ஒரு கடலோர கிராமத்தின் கதை (1988). வீடு, மரம், தலைமுறை, கிராமம். எல்லாம் நிற்கும் பொருள்கள். புளியமரம் நிற்கிறது, ரோடு அதைத் தேடி வந்து, ஜங்ஷனாகி, அதை அழிக்கிறது. அந்த ரோட்டில் ஏறி யாராவது போனார்களா என்பது நாவலின் அக்கறை அல்ல. புத்தம் வீட்டில் லிஸி பருவமடைந்ததும் வீட்டுக்குள் அடைபடுகிறாள். நாவலின் உலகம் அந்த வீட்டுச் சுவர்களால் அளக்கப்படுகிறது. நாஞ்சில் நாடனின் தலைகீழ் விகிதங்களில் (1977) தூரம் என்பது கணவன் வீட்டுக்கும் மனைவி வீட்டுக்கும் இடைப்பட்டது. பஸ் வசதி உள்ள தூரம்தான். ஆனால் இரண்டு வீடுகளின் கர்வமும் அந்தத் தூரத்தை நிரப்பியிருப்பதால் இருவரும் சேர்ந்து நடக்க அங்கே இடமில்லை. இவை நல்ல நாவல்கள். சில, தமிழின் மிகச் சிறந்தவற்றில் சேரும். நான் அவற்றின் தரத்தைக் குறைக்கவில்லை. அவை எங்கே நிற்கின்றன என்று குறிக்கிறேன்.

தலைமுறைகள் நாவலின் விஷயத்தில் ஒரு முரண் இருக்கிறது. அது இரணியல் செட்டிமாரின் வாழ்க்கையைச் சொல்வது. அந்தச் சமூகத்தின் மரபுக் கதை, அவர்கள் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து குடிபெயர்ந்து வந்தவர்கள் என்கிறது. கண்ணகியின் ஊர், கண்ணகியின் குலத்தொழில். புகாரிலிருந்து இரணியல் வரை நடந்துவந்ததாகத் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் ஒரு கூட்டம், நாவலுக்குள் வரும்போது ஒரு தெருவுக்குள் உறைந்துபோயிருக்கிறது. அங்கே ஒரு பெண் கணவன் வீட்டிலிருந்து திருப்பியனுப்பப்படுகிறாள். போனதும் தெரிகிறது, திரும்பியதும் தெரிகிறது. வழி தெரியவில்லை.

காரணத்தைச் சமூக அமைப்பில் தேடினால் கிடைக்கும். நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே மருமக்கள் வழி நீண்டகாலம் இருந்தது. சொத்து மகனுக்கல்ல, சகோதரி மகனுக்கு. கணவன் இறந்தால் மனைவியும் பிள்ளைகளும் அந்த வீட்டில் யாரோ ஆகிவிடுவார்கள். கவிமணியின் மருமக்கள்வழி மான்மியம் இந்த அவலத்தை ஒரு மனைவியின் வாயால், சிரிக்கச் சிரிக்கச் சொன்னது. 1926இல் திருவிதாங்கூர் அரசின் சட்டம் இந்த முறைக்கு முடிவு கட்டியது. அதுவரை கணவன், மனைவி, பிள்ளை என்ற சிறு கூட்டுக்குத் தனக்கென்று ஒரு வீடு என்பது சட்டத்தில் உறுதியற்ற விஷயம். வீடு காரணவருடையது, தம்பதி அதில் தங்கியிருப்பவர்கள். மற்ற சாதிகளில் மக்கள் வழிதான் என்றாலும் நிலைமை பெரிதாக வேறுபடவில்லை. பெண் புகுந்த வீட்டுக்குப் போகிறாள், அவள்தான் குடிபெயர்கிறாள், அவன் இருக்கும் இடத்திலேயே இருக்கிறான். மறுவீடு போனாலும் நாலு பேர் கூட வருவார்கள். இருவர் சேர்ந்து ஒரு புது இடத்துக்குப் போவது என்பதே நிகழாதபோது அதை எங்கிருந்து எழுதுவது என்று கேட்கலாம்.

நியாயமான கேள்வி. ஆனால் பாதிதான் நியாயம். 1956 நவம்பர் 1ஆம் தேதி இந்த மாவட்டம் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. 1979இல் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு ரயில் வந்தது. 1981இல் திருநெல்வேலியோடு இணைப்பு வந்தது. அதற்கு முன்பே படித்த பையன்கள் திருவனந்தபுரத்துக்கும் பம்பாய்க்கும் போய்விட்டார்கள். கல்யாணத்துக்கு ஊர் வந்து, பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு திரும்பினார்கள். தேங்காயும் ஊறுகாய் பரணியும் நல்லெண்ணெய் டின்னும் கட்டிக்கொண்டு, முன்பின் தெரியாத இருவர், இரண்டு இரவுகள் எதிர் எதிரே உட்கார்ந்து போனார்கள். நம் காலத்தின் உடன்போக்கு அது. நாஞ்சில் நாடனே 1972இல் பம்பாய் போனவர். பம்பாயை அவர் எழுதினார், நன்றாகவே எழுதினார். ஆனால் மிதவையில் (1986) நாம் பார்ப்பது தனி ஆளின் பயணம். வேலையில்லாத இளைஞனின் தனிமையை நம் இலக்கியம் மனப்பாடமாக அறியும். அவன் பெண்டாட்டியோடு திரும்பும் ரயில் பெட்டிக்குள் அது ஏறவே இல்லை. கார் பயணத்துக்கும் இதே கதிதான். சிட்டியும் தி. ஜானகிராமனும் எழுதிய நடந்தாய் வாழி காவேரி (1971) அருமையான புத்தகம். ஆனால் அந்தக் காரில் நண்பர்கள் இருந்தார்கள். ஆண்களின் பேச்சுக்கு நம் உரைநடையில் எப்போதும் இடம் உண்டு.

விதிவிலக்குகள் இரண்டைச் சொல்ல வேண்டும். கி. ராஜநாராயணனின் கோபல்ல கிராமம் (1976) தெலுங்கு நாட்டிலிருந்து தப்பி வந்த கூட்டத்தின் வழியைச் சொல்கிறது. அங்கே வழி உயிரோடு இருக்கிறது. ஆனால் அது ஒரு கூட்டத்தின் வழி. பாட்டி நினைவுகூர்ந்து சொல்வதால் காலத்தின் மெருகும் ஏறியிருக்கிறது. மற்றது பி. எச். டேனியலின் ரெட் டீ. திருநெல்வேலிச் சீமைக் கிராமம் ஒன்றிலிருந்து கருப்பனும் வள்ளியும், கங்காணியின் ஆசை வார்த்தையை நம்பி, வால்பாறைத் தேயிலைத் தோட்டத்துக்குப் புறப்படுகிறார்கள். புது வீடு என்று அவர்கள் போய்ச் சேர்வது ஒரு சிறை. மலையேறும் வழியிலேயே வாசகனுக்கு அது தெரிந்துவிடுகிறது. தோட்டத்தில் மருத்துவராக இருந்த டேனியல் இதை ஆங்கிலத்தில் எழுதினார், 1969இல் வெளிவந்தது. இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் எரியும் பனிக்காடு என்று தமிழுக்கு வந்தது 2007இல். பரதேசி (2013) படத்துக்கு அடிப்படை இதுதான். ஒரு தமிழ்த் தம்பதி புது வாழ்க்கையை நோக்கிப் போன வழி, இலக்கியப் பழக்கம் இல்லாத ஒரு டாக்டரால், வேற்று மொழியில் எழுதப்பட்டு, தமிழுக்கு வர 38 ஆண்டு ஆயிற்று. இதை நம் படைப்பாளிகள் கொஞ்சம் யோசிக்கலாம். அவர்கள் நடக்கும்போது கால்களைப் பார்த்தவர் ஒரு டாக்டர், எழுத்தாளர்கள் அல்ல.

இன்றைக்கு வழி மாறிவிட்டது. இனி எழுத என்ன இருக்கிறது என்று ஒரு கட்சி. ஸ்ரீநகரில் தொடங்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை கன்னியாகுமரியில் முடிகிறது. பழைய 7ஆம் எண் சாலையின் பெரும்பகுதி 2010இல் எண் மாற்றம் வந்தபோது இதற்குள் அடங்கிவிட்டது. ஊர்களைத் தொடாமல் ஊர்களுக்கு வெளியே போகும் சாலை. மாங்காட்டு மறையவன் எதிரே வந்து, கொடும்பாளூரில் வழி மூன்றாகப் பிரியும் என்று சொல்ல அங்கே இடமில்லை. சுங்கச் சாவடியில் ஆள் முகம் பார்க்கக்கூட அவசியமில்லை. போன் திரையில் மிச்சமுள்ள தூரம் எண்ணாக ஓடிக்கொண்டிருக்கிறது. கண்ணகியின் கேள்வியை இனி யாரும் கேட்க வேண்டாம். கேள்வி போனால் கோவலனின் பதிலும் போயிற்று, அந்தச் சிரிப்பும் போயிற்று. தூரத்தைத் தெரிந்தவன், தெரியாதவள் என்ற ஏற்பாடே கலைந்துவிட்டது. இது இழப்பு என்று நான் நினைக்கவில்லை. அந்த ஏற்பாடு போனதால் வேறு ஒன்று வெளியே தெரிகிறது.

ஓசூரிலிருந்து நாகர்கோவிலுக்கு எனக்கு மாற்றல் வந்தபோது சாமானை லாரியில் முந்தின நாளே ஏற்றிவிட்டு, நானும் மனைவியும் எங்கள் பழைய காரில் புறப்பட்டோம். அறுநூறு கி.மீ.க்கு மேல். கிருஷ்ணகிரி, சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலி என்று நாள் முழுக்க ஓட்டம். இருவரும் மாறி மாறி ஓட்டினோம். ஓசூரில் நான்கு வருஷமாக அவள் என்னை 'நீ' என்றுதான் சொல்வாள். பேர் சொல்லியும் கூப்பிடுவாள். காவல்கிணறில் நெடுஞ்சாலையை விட்டுப் பிரிந்து, முப்பந்தல் காற்றாலைகளைக் கடந்து, ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டியதும் தோவாளை வயல் தெரிந்தது. "கொஞ்சம் நிறுத்துங்க, மொகத்தக் கழுவிக்கிடுதேன்" என்றாள். நிறுத்துங்க. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளும் யோசித்துச் சொன்னதாகத் தெரியவில்லை. ஊர் வந்துவிட்டது, அவ்வளவுதான். அதன்பின் ஸ்டீயரிங்குக்கும் நான்தான் மாறினேன்.

இதைச் சொந்தக் கதையாகச் சொல்லவில்லை. ஒரு இலக்கியப் பிரச்னையின் மாதிரியாகச் சொல்கிறேன். ஆரல்வாய்மொழி ஒரு திணை எல்லை. இந்தப் பக்கம் பணகுடியின் வறட்சியும் காற்றும். அந்தப் பக்கம் மருதம். முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்று காடுகாண் காதையில் இளங்கோ சொன்னார். திணை நிலத்துக்கு மட்டும் சொந்தமல்ல என்பது நமக்கு மறந்துவிட்டது. ஒரு விகுதி மாறுகிறதே, அதுவும் திணை மாற்றம்தான். வழியில் இருவராக இருந்தவர்கள் எந்த மைல்கல்லில் கணவன் மனைவியாக மறுபடி திரிகிறார்கள் என்பதைக் கண்டுபிடிக்கக்கூடியவன் நாவலாசிரியன் ஒருவன்தான். சமூகவியல்காரனுக்கு அது அகப்படாது. அவன் வீட்டுக்கு வந்த பிறகுதான் கதவைத் தட்டுவான். கவிஞனுக்கு அந்தக் கணம் கிடைக்கலாம். அதற்கு முன்னுள்ள அறுநூறு கி.மீ. கிடைக்காது.

காரின் உட்புறம் ஒரு அறை. இருவர் ஒருவரையொருவர் பார்க்காமல், ஒரே திசையில் பார்த்தபடி மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கும் அறை. இத்தாலிய இயக்குனர் ரோஸ்ஸெலினி 1954லேயே இதைக் கண்டுகொண்டார். ஜர்னி டு இட்டலி படத்தில் ஒரு ஆங்கிலேயத் தம்பதி, இறந்துபோன உறவினரின் வீட்டை விற்க நேப்பிள்ஸுக்குக் காரில் போகிறார்கள். வீட்டில் வருஷக்கணக்காக மூடியிருந்தது காருக்குள் திறந்துகொள்கிறது. வேலை, விருந்து, நண்பர்கள் என்ற மறைப்பு இல்லாத இடத்தில், தாங்கள் ஒருவருக்கொருவர் அந்நியர் என்பது அவர்களுக்கே தெரியவருகிறது. நம்மிடம் கார் வந்துவிட்டது, சாலை வந்துவிட்டது, மாற்றல் உத்தரவுகள் வந்தவண்ணம் இருக்கின்றன. எழுத்து மட்டும் இன்னும் திண்ணையில் உட்கார்ந்து, போனவர்கள் கடுதாசி போடுவார்கள் என்று காத்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. வழியை எழுதுவது என்றதும் ஊர்ப் பெயர்களை அடுக்கி, மலை, ஆறு, டீக்கடை என்று வருணிக்க ஆரம்பித்துவிடுவார்கள். அது பயணக் கட்டுரை. நாடுகாண் காதையிலும் காவிரியும் வயலும் உழவர் பாட்டும் வருகின்றன. ஆனால் அவை வருவதற்கு முன்பே, அந்த அழகுக்குள் என்னென்ன இடர் இருக்கிறது, வயல் வழியே போனால் நண்டும் நத்தையும் காலில் மிதிபடும் என்று கவுந்தி சொல்லிவிடுகிறாள். நிலக்காட்சி முழுவதும் காலடிக்குப் பொறுப்பாக்கப்பட்டுவிட்டது. இந்தப் பொறுப்பு இல்லாத வருணனை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் பயனில்லை.

வழியில் கண்ணகி அதிகம் பேசவில்லை. மாதரி வீட்டில், சாப்பாடு முடிந்து, அவன் கேட்ட பிறகுதான் பேசுகிறாள்: நீங்கள் செய்தது போற்றத்தக்கதல்ல, உங்கள் சொல்லை மறுக்காத வாழ்க்கை எனது, அதனால் எழுந்து வந்தேன் என்கிறாள். இத்தனை வருஷத்துக்கும் அவள் சொன்ன ஒரே குற்றச்சாட்டு அது. அதைச் சொல்லும் திராணியை அவளுக்குக் கொடுத்தது முப்பது காதம் நடந்த கால். புகாரில் இருந்தபடி அவளால் அதைச் சொல்லியிருக்க முடியாது. பின்னால் பாண்டியன் சபையில் நின்று பேசப்போகும் குரலுக்கு இதுதான் முதல் ஒத்திகை. வழியை எடுத்துவிட்டால் அந்தக் குரல் வானத்திலிருந்து குதித்ததாகிவிடும். வழியை எழுதாத நம் நாவல்களில் பெண்கள் திடீரென்று கடைசி அத்தியாயத்தில் பேச ஆரம்பித்து நம்மை நம்பவைக்கத் தவறுவதற்கும் இதுதான் காரணம்.

நாகர்கோவிலைச் சுற்றி இன்று நாவல் எழுதுகிறவர்கள் பலர். அவர்கள் வீட்டைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். இடிந்த வீட்டைப் பற்றியும் எழுதிவிட்டார்கள். சாமான் லாரி போன பிறகு காலி வீட்டைப் பெருக்கிப் பூட்டி, சாவியைச் சொந்தக்காரரிடம் கொடுத்துவிட்டு, இருவர் புறப்படுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நட்சத்திரக் குறி போடாமல் அங்கிருந்து நூறு பக்கம் எழுத முடிகிறதா என்று ஒருவர் பார்க்கட்டும். யார் ஓட்டுகிறார்கள், யார் தூங்குகிறார்கள், யார் தண்ணீர் வாங்கி வருகிறார்கள், எந்த ஊரில் யார் யாரை என்னவென்று கூப்பிட்டார்கள். இது போதும்.